தொழிற்கூடத்தில் விரைவுச் சோதனை: இரு கோடுகள் சொல்வதும் சொல்லாததும்

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் அரசாங்க மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்திக்கொண்டிருந்தது. எந்தத் தோட்டத்தில் நோய் மிகுதி, எந்த லயத்தில் குறைவு என்பதை அறிய, அவர் எளிய சோதனை ஒன்றைக் கையாண்டார். தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைக் கையால் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கின்றதா என்று பார்ப்பதே அச்சோதனை. நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்ததோ, அந்த எண்ணிக்கை அத்தோட்டத்தின் நோய்நிலையை எடுத்துக் காட்டியது. கருவி வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை.

ஆயினும், வாட்சனின் பெருமை வயிற்றைத் தடவிப் பார்த்ததோடு முடிந்துவிடவில்லை. சோதனை எங்கே நோயைக் காட்டியதோ, அங்கே அவர் சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டச் செய்தார். லயங்கள் எங்கே அமைய வேண்டும் என்பதை ஆராய்ந்தார். சோதனை வழியைக் காட்டிற்று. வடிகால்தான் உயிரைக் காத்தது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், கோவிட்-19 நோய்க்காகத் தொழிற்கூடங்களில் செய்யப்பட்ட விரைவு ஆன்டிஜன் சோதனையின் பயனையும் எல்லையையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தொழிற்கூடமும் தங்குவிடுதியும்

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதே கிள்ளானின் மேரு வட்டாரம் மீண்டும் நாட்டின் பேச்சாயிற்று. ரப்பர்க் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளரிடையே கோவிட் பரவி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோய்த்தொற்றுக்கு ஆளாயினர். உலக மக்களின் கைகளை நோயிலிருந்து காக்கும் உறைகளைச் செய்தவர்களே நோயில் அகப்பட்டார்கள். அந்நிறுவனத்தின் 28 ஆலைகளைப் படிப்படியாக மூடுமாறு அரசாங்கம் பணித்தது.

சிங்கப்பூரில் இதற்கு முன்னரே இத்தகைய துயரம் நேர்ந்தது. 2020 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் நோய் பெருகிற்று. அவ்விடுதிகளில் தங்கியிருந்தோர் ஏறத்தாழ 323,000 பேர். அவர்களுள் 47 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியிருந்தது என்று அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு, நோய் வந்துபோனதே இரத்தச் சோதனைக்குப் பின்னர்தான் தெரிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைப் புகட்டின. கோவிட் கிருமி, தொற்றியவரிடம் நோய்க்குறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறருக்குப் பரவத் தொடங்குகிறது. குறியே தோன்றாத பலரும் கிருமியைப் பரப்பக்கூடும். ஆகவே, வாசலில் நின்று உடல் வெப்பத்தை மட்டும் அளந்து ஆளை உள்ளே விடுவது போதாது. காய்ச்சல் இல்லாதவரிடத்தும் கிருமி உண்டா என்று அறிய ஒரு வழி வேண்டும். அந்த வழி மலிவாகவும், விரைவாகவும், வேலையிடத்திலேயே செய்யத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். அத்தேவையை ஒட்டியே ஆன்டிஜன் சோதனை தொழிற்கூடத்துள் நுழைந்தது. மலேசியாவில் இது 'ஆர்.டி.கே. ஆன்டிஜன்' என்றும், சிங்கப்பூரில் 'ஏ.ஆர்.டி.' என்றும் மக்கள் நாவில் வழங்கியது.

மூவகைச் சோதனைகள்

கோவிட் தொடர்பான சோதனைகள் மூவகை. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

முதலாவது, பி.சி.ஆர். சோதனை. இது கிருமியின் மரபுப் பொருளைத் தேடுகிறது. மாதிரியில் அப்பொருள் மிக மிகச் சிறிதளவே இருப்பினும், அதை மீண்டும் மீண்டும் இரட்டித்துப் பெருக்கிக் கண்டுபிடிக்கும். ஆதலால் இதன் கண்டறியும் திறன் மிகப் பெரிது. ஆனால், இதற்கு ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். முடிவு கைக்கு வர ஒருநாளோ அதற்கு மேலோ ஆகும். நோய் நீங்கிய பின்னும் எஞ்சிக் கிடக்கும் கிருமித் துணுக்குகளை இது சில வாரங்கள் வரை காட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

இரண்டாவது, எதிர்ப்பொருள் சோதனை. நோய்க்கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளை இது இரத்தத்தில் தேடுகிறது. முன்பு நோய் வந்ததா என்பதை அறிய இஃது உதவும். இன்று இவரிடமிருந்து நோய் பரவுமா என்பதை அறிய உதவாது.

மூன்றாவதே ஆன்டிஜன் சோதனை. கிருமியின் உடலில் அமைந்துள்ள புரதப் பொருளை இது நேராகத் தேடுகிறது. கோவிட் கிருமியின் மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் உட்புரதத்தையே பெரும்பாலான சோதனைக் கருவிகள் குறியாகக் கொண்டுள்ளன. ஒரு கிருமிக்குள் இப்புரதம் ஏராளமாக இருப்பதே அதற்குக் காரணம். எனினும், பி.சி.ஆர். போல இது எதையும் பெருக்குவதில்லை. மூக்கில் கிருமி திரளாக இருந்தால் காட்டும். சிறிதாக இருந்தால் காட்டாமல் விடும். இதன் வலிமையும் குறையும் இந்த ஒன்றிலேயே அடங்கியுள்ளன.

கோடு தோன்றும் விதம்

உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பிளாஸ்டிக் தட்டைக்குள் நடப்பது யாது?

மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை முதலில் ஒரு கரைசலில் சுழற்றிக் கலக்க வேண்டும். அக்கரைசல் கிருமியின் மேலுறையைக் கரைத்து உள்ளிருக்கும் புரதத்தை வெளிப்படுத்துகிறது. பின்னர் அதில் சில சொட்டுகளைத் தட்டையின் குழியில் விட வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, நீர்மம் உள்ளிருக்கும் தாள்பட்டையில் தானாகவே ஊர்ந்து செல்லும்.

போகும் வழியில் அது ஓர் இடத்தைக் கடக்கிறது. அங்கே, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பொன் துகள்கள் காத்திருக்கின்றன. நாம் அணியும் பொன் மஞ்சள் நிறமாயினும், அத்துணை நுண்ணிய துகளாகும்போது அது சிவந்து தோன்றும். அத்துகள்களின் மேல், கிருமிப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் பூசப்பட்டுள்ளன. மாதிரியில் கிருமிப் புரதம் இருந்தால், அது பொன் துகளோடு ஒட்டிக்கொண்டு மேலே பயணம் செய்யும்.

அடுத்து வருவது 'டி' என்று குறிக்கப்பட்ட இடம். இங்கும் கிருமிப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் ஒரு கோடாக இழைக்கப்பட்டுள்ளது. புரதத்தைச் சுமந்துவரும் பொன் துகள்கள் இங்கே தடுத்து நிறுத்தப்படுகின்றன. ஆயிரமாயிரம் துகள்கள் ஓரிடத்தில் திரளவே, அங்கே செந்நிறக் கோடு தோன்றுகிறது. கிருமிப் புரதம் இல்லையாயின், துகள்கள் நிற்காமல் அவ்விடத்தைக் கடந்து சென்றுவிடும்.

அதற்கும் அப்பால் இருப்பது 'சி' என்னும் கட்டுப்பாட்டுக் கோடு. நோய் உள்ளவராயினும் இல்லாதவராயினும் இக்கோடு தோன்றியே ஆக வேண்டும். நீர்மம் பட்டை முழுவதும் ஓடியது, கருவி வேலை செய்தது என்பதற்கு இதுவே சான்று. 'சி' கோடு தோன்றாவிட்டால் அச்சோதனை செல்லாது. வேறொரு கருவியைக் கொண்டு மீண்டும் செய்தல் வேண்டும். இரு கோடுகளும் தோன்றினால் தொற்று உண்டு. 'டி' கோடு மிக மங்கலாகத் தெரிந்தாலும், குறித்த நேரத்துக்குள் தெரிந்திருப்பின் அதுவும் தொற்று உண்டு என்றே கொள்ளத்தக்கது.

இம்முறை கோவிட் நோய்க்கெனப் புதிதாகத் தோன்றியதன்று. பெண்கள் வீட்டிலேயே கருவுற்றமையை அறிந்துகொள்ளும் சோதனைப் பட்டையும், டெங்கிக் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் மருந்தகங்களில் செய்யப்படும் விரைவுச் சோதனைகளும் இதே தத்துவத்தின்மேல் எழுந்தவையே.

கண்டறியும் திறன் எவ்வளவு?

ஒரு சோதனையை மதிப்பிட இரு அளவைகள் உள்ளன. நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாகக் காட்டுகிறது என்பது முதல் அளவை. இதைக் கண்டறியும் திறன் எனலாம். நோயற்ற நூறு பேரில் எத்தனை பேரை நோயற்றவர் என்று சரியாக விடுவிக்கிறது என்பது இரண்டாவது அளவை. இதைப் பிழையாமை எனலாம். பயிர்க்களத்தில் களையெடுப்பவனுக்கும் இவ்விரண்டுமே வேண்டும். களையை விட்டுவிடவும் கூடாது. களையென்று எண்ணிப் பயிரைப் பிடுங்கிவிடவும் கூடாது.

விரைவு ஆன்டிஜன் சோதனைக்குக் கண்டறியும் திறன் 80 விழுக்காடும், பிழையாமை 97 விழுக்காடும் குறைந்த அளவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 செப்டம்பரில் வரையறுத்தது. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் அமைப்பு, 2021 மார்ச்சில் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. நோய்க்குறி உடையவர்களிடம் இச்சோதனைகள் சராசரியாக 72 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தன. நோய்க்குறி அற்றவர்களிடமோ 58 விழுக்காட்டினரை மட்டுமே கண்டுபிடித்தன. பிழையாமை மட்டும் 99 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்தது.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் 2020 நவம்பரில் நகர மக்கள் அனைவருக்கும் விரைவுச் சோதனை செய்ய ஏற்பாடாயிற்று. நோய்க்குறி இல்லாத 5,504 பேருக்கு விரைவுச் சோதனையும் பி.சி.ஆர். சோதனையும் ஒருங்கே செய்து ஒப்பிட்டனர். பி.சி.ஆர். காட்டிய 70 பேரில் 28 பேரையே விரைவுச் சோதனை காட்டிற்று. எஞ்சிய 5,434 பேரில் மூவரை மட்டுமே அது தவறாகத் தொற்றுடையவர் என்றது. ஆயினும், கிருமி மிகத் திரளாக இருந்தவர்களை ஏறக்குறைய முழுமையாகவே அது கண்டுபிடித்தது என்பதையும் மறத்தல் ஆகாது. பிறருக்கு நோயைப் பரப்பும் ஆற்றல் மிகுந்தவர்கள் அவர்களே அல்லவா?

ஆயிரம் பேருக்கு ஒரு கணக்கு

தொழிற்சாலை நிர்வாகிக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் மிகவும் பயன்படக்கூடிய கணக்கு ஒன்றுண்டு. அதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

ஒரு தொழிற்சாலையில் 1,000 பேர் வேலை செய்கிறார்கள் என்று கொள்க. அவர்களுள் நூற்றுக்கு ஒருவர், அதாவது 10 பேர் தொற்றுடையவர்கள். சோதனையின் கண்டறியும் திறன் 60 விழுக்காடு, பிழையாமை 99.5 விழுக்காடு. அந்த 10 பேரில் 6 பேர் அகப்படுவர்; 4 பேர் தப்பிவிடுவர். நோயற்ற 990 பேரில் ஏறத்தாழ 5 பேருக்குத் தவறாக இரு கோடுகள் தோன்றும். ஆக, இரு கோடுகள் கண்ட 11 பேரில் உண்மையில் நோயுடையவர் 6 பேரே. கிட்டத்தட்டப் பாதிப்பேர் வீணே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். ஆகவே, நோய் குறைவாக உள்ள காலத்தில், இரு கோடுகள் கண்டவரை உடனே ஒதுக்கி வைத்து, பி.சி.ஆர். சோதனையால் உறுதி செய்தல் நீதியாகும்.

இனி, நோய் பெருகிய காலத்தை எண்ணுக. நூற்றுக்குப் பத்துப் பேர், அதாவது 100 பேர் தொற்றுடையவர்கள் என்று கொண்டால், 60 பேர் அகப்படுவர். தவறாக அகப்படுபவர் 4 அல்லது 5 பேரே. எனவே, இக்காலத்தில் இரு கோடுகள் கண்டால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால், ஒரு கோடு மட்டும் கண்டு உள்ளே செல்லும் ஏறத்தாழ 935 பேரிடையே 40 பேர் கிருமியுடன் செல்கின்றனர். ஆகவே, அக்காலத்தில் ஒற்றைக் கோட்டை நம்பி முகக்கவசத்தைக் கழற்றுவது பேதைமை.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், கருவி மாறாமல் இருக்கும்போதும் அது சொல்லும் சொல்லின் மதிப்பு, நோயின் பெருக்கத்தை ஒட்டி மாறுகிறது என்பதாம்.

திரும்பத் திரும்பச் செய்தல்

பத்துப் பேரில் நால்வரைத் தப்பவிடும் சோதனையால் பயன் என்ன என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. இதற்கு விடை, ஒருமுறை செய்தலில் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தலில் உள்ளது.

கிருமி உடலில் புகுந்த முதல் நாள்களில் அதன் அளவு சிறிது. பின்னர் அது ஓரிரு நாளிலேயே பன்மடங்காகப் பெருகிவிடும். இன்று காலை தப்பியவர், நாளை மறுநாள் காலையில் அகப்படக்கூடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் லாரிமோர், மினா ஆகியோர் அடங்கிய குழு 2020-இல் கணித முறையில் ஆராய்ந்து, பரவலைத் தடுப்பதில் சோதனையின் நுட்பத்தைக் காட்டிலும் அதை எத்தனை முறை செய்கிறோம், முடிவு எத்தனை விரைவில் கிடைக்கிறது என்பவையே முதன்மையானவை என்று காட்டியது. மூன்று நாள் கழித்து முடிவு வரும் நுட்பமான சோதனை, அம்மூன்று நாளும் தொழிலாளியை இயந்திரத்தின் முன்னும் உணவறையிலும் பிறரோடு கலந்திருக்கவே விடுகிறது. 15 நிமிடத்தில் முடிவு தரும் எளிய சோதனை, அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் இக்கருத்தை வலியுறுத்தியது. நோய்க்குறி உடையவர், ஒற்றைக் கோடு கண்டால் 48 மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும், நோய்க்குறி அற்றவர் 48 மணி நேர இடைவெளிவிட்டு மும்முறையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றது.

நாட்டு நடைமுறைகளும் இவ்வழியிலேயே சென்றன. சிங்கப்பூரில் 2021 ஜூன் நடுப்பகுதி முதல், முகக்கவசம் கழற்றப்படும் உணவகங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், அழகு நிலையங்கள் முதலிய இடங்களில் வேலை செய்வோர்க்கு 14 நாளுக்கு ஒருமுறை விரைவுச் சோதனை செய்யும் முறை கொண்டுவரப்பட்டது. டெல்டா வகைக் கிருமி பரவிய அவ்வாண்டு செப்டம்பரில், அஃது 7 நாளுக்கு ஒருமுறை என்று மாற்றப்பட்டது. ஜெர்மனி நாட்டில் 2021 ஏப்ரல் முதல், வேலையிடத்துக்கு வரும் ஊழியருக்கு வாரந்தோறும் சோதனை செய்துகொள்ளும் வாய்ப்பை முதலாளிகளே அளிக்க வேண்டும் எனச் சட்டமாயிற்று. மலேசியாவில் பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், தன்னிடம் சந்தா செலுத்தும் தொழிலாளரின் சோதனைச் செலவுக்கு உதவி செய்தது.

செலவும் சிறிதன்று. மலேசியாவில் சுயசோதனைக் கருவிகளுக்கு 2021 ஜூலையில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதல் ஒரு கருவியின் சில்லறை உச்சவிலை 19 வெள்ளி 90 காசு என்று அரசாங்கம் வரையறுத்தது. மொத்த விலையின் உச்சம் 16 வெள்ளி. 200 பேர் வேலை செய்யும் ஆலையில் வாரம் இருமுறை சோதித்தால், மொத்த விலையிலேயே வாரத்துக்கு 6,400 வெள்ளி செலவாகும். சிறு தொழில் நடத்துவோர்க்கு இது பெருஞ்சுமையே. ஆயினும், ஆலை முழுவதும் இரு வாரம் மூடிக் கிடந்தால் ஏற்படும் நட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

கனடா தந்த பாடம்

தொழிற்கூடச் சோதனை குறித்துக் கிடைத்துள்ள சான்றுகளுள் மிகத் தெளிவானது கனடா நாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டில் 537 வேலையிடங்களில், 2021 ஜனவரி 11 முதல் அக்டோபர் 13 வரை செய்யப்பட்ட 903,408 விரைவுச் சோதனைகளின் கணக்கு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. இவற்றுள் தொற்று உண்டு என்று காட்டியவை 1,322. அவற்றுள் 1,103 பேரின் பி.சி.ஆர். முடிவுகள் கிடைத்தன. அம்முடிவுகளின்படி 462 பேருக்கு நோய் இல்லை. அதாவது, ஏறத்தாழ 2,000 சோதனைக்கு ஒன்றே பிழையாயிற்று. இது சிறு பிழைதான். ஆயினும், உறுதி செய்யப்பட்ட 1,103 பேரில் நூற்றுக்கு 42 பேர் பிழையாகக் குறிக்கப்பட்டவர்கள் ஆயினர். மேலே கண்ட ஆயிரம் பேர் கணக்கு ஏட்டுக் கணக்கன்று என்பதற்கு இதுவே சான்று.

இன்னும் வியப்பானது வேறொன்று. அந்த 462 பிழைகளில் 278 பிழைகள், ஒன்றுக்கொன்று 675 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இரண்டே வேலையிடங்களில், ஏறத்தாழ ஒரே இரு வாரக் காலத்தில் நேர்ந்தன. ஆராய்ந்தபோது, அவ்விரு இடங்களிலும் பெரும்பாலும் ஒரே தொகுதியைச் சேர்ந்த கருவிகள் பயன்பட்டமை தெரிய வந்தது. குற்றம் தொழிலாளரிடத்தும் இல்லை. சோதனை செய்தவரிடத்தும் இல்லை. கருவித் தொகுதியின் குறையே காரணமாக இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதினர்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் மிக எளிது. பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணை, ஒவ்வொரு சோதனையின் பதிவிலும் எழுதி வைத்தல் வேண்டும். திடீரென ஒரே நாளில் பலருக்கு இரு கோடுகள் தோன்றினால், நோய் பரவிவிட்டதா அல்லது பெட்டி கெட்டுவிட்டதா என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். கனடாவில் பிழை வெளிப்பட்டதும் அத்தகைய பதிவினால்தான்.

செய்முறையில் நேரும் தவறுகள்

நல்ல கருவியும் கெட்ட கையில் பொய் சொல்லும். தொழிற்கூடங்களில் பெரும்பாலும் நேரும் தவறுகள் இவை.

முதலாவது, வெப்பம். பெரும்பாலான கருவிகளை 2 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டு வெயிலில், காவலர் கொட்டகையிலோ தகரக் கூரையின் கீழோ காரின் பின்பகுதியிலோ பெட்டியை வைத்துவிட்டால், நண்பகலில் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். கெட்டுப்போன கருவி, நோயைக் காட்டாமல் விடக்கூடும்.

இரண்டாவது, மாதிரி எடுத்தல். வலிக்குமே என்று அஞ்சி, மூக்கின் வாயிலில் குச்சியைத் தொட்டு எடுத்தால் ஒன்றும் அகப்படாது. குறிப்பிட்ட ஆழத்தில், இரு துளைகளிலும், குறிப்பிட்ட தடவைகள் சுழற்றித் தேய்க்க வேண்டும். எச்சிலைக் கொண்டு செய்யும் வகையாயின், அதற்குமுன் சிறிது நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். 15 நிமிடம் என்று குறித்திருந்தால், 5 நிமிடத்தில் பார்த்துவிட்டு ஒரு கோடுதான் என்று எறிந்துவிடுதல் தவறு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, அப்போது தெரியும் நிழற்கோட்டைக் கண்டு அஞ்சுவதும் தவறு.

நான்காவது, கூட்டம். சோதனை செய்துகொள்ள நூறு பேர் ஒரே வரிசையில், ஒரே கூடாரத்தில், முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நெருங்கி நின்றால், நோயைத் தடுக்க வந்த இடமே நோயைப் பரப்பும் இடமாகிவிடும். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரிவு பிரிவாக நிறுத்திப் பேரழைக்கும் தோட்டத்துப் பழக்கம் இங்கே நல்ல வழிகாட்டி. பகுதி பகுதியாக, வெவ்வேறு நேரத்தில், காற்றோட்டமான வெளியில் சோதனையை நடத்துதல் வேண்டும். பயன்படுத்திய குச்சிகளையும் தட்டைகளையும் உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துதலும் இன்றியமையாதது.

கூலியும் அச்சமும்

இத்தனையும் சரியாகச் செய்தாலும், சோதனை தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. அது மூக்கிலும் இல்லை, தாள்பட்டையிலும் இல்லை. தொழிலாளியின் மனத்தில் உள்ளது.

நாட்கூலி வாங்கும் ஒருவர், வீட்டில் தாமே சோதித்துக்கொள்கிறார். இரு கோடுகள் தோன்றுகின்றன. அவர் அதைச் சொன்னால் ஒரு வாரத்துக்கு மேல் கூலி போகும். வீட்டு வாடகை நிற்கும். ஒருவேளை வேலையே போகலாம். உடன் வேலை செய்பவர்கள் ஒதுக்கி வைக்கலாம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இந்நிலையில் அவர் என்ன செய்வார்? அவர் மறைத்தால் அவரை மட்டும் பழிப்பது முறையாகுமா?

லிவர்பூல் நகரின் அனுபவமும் இதையே கூறுகிறது. சோதனை இலவசமாக இருந்தும், முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழக் கால்பங்கு மக்களே விரைவுச் சோதனைக்கு வந்தனர். அவர்களுள்ளும் ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குறைவு. தனித்திருக்க நேர்ந்தால் வருமானம் போய்விடுமே என்னும் அச்சம், அவர்களைத் தடுத்த காரணங்களுள் ஒன்று என்று ஆராய்ந்தோர் எழுதினர். நோயால் மிகுதியும் தாக்கப்படுபவர் யாரோ, அவர்களே சோதனைக்கு வர அஞ்சினார்கள்.

ஆதலால், சோதனைக் கருவி வாங்குவதற்கு முன்னரே முதலாளி விடை கூற வேண்டிய வினாக்கள் சில உண்டு. இரு கோடுகள் கண்டவருக்கு அந்நாள்களின் சம்பளம் உண்டா? பி.சி.ஆர். சோதனைக்கு யார் செலவு செய்வது? அவர் பெயர் ஊரறியப் பறைசாற்றப்படுமா, அல்லது மறைவாகக் காக்கப்படுமா? பத்துப் பேர் ஓர் அறையில் உறங்கும் விடுதியில், அவரைத் தனித்து வைக்க அறை எங்கே? இவ்வினாக்களுக்கு விடையில்லாத இடத்தில், சோதனை ஒரு பொறியாகவே தொழிலாளிக்குத் தோன்றும். பொறி என்று தோன்றினால் விலகி நடப்பது மனித இயல்பு.

தங்குமிடத்தைப் பற்றிய வினா, தோட்ட மக்களுக்குப் புதிதன்று. தொழிலாளரின் வீட்டு வசதிக்குக் குறைந்த அளவுத் தரம் வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், முதலில் தோட்ட, சுரங்கத் தொழிலாளரையே கருத்தில் கொண்டிருந்தது. 2019-இல் அது திருத்தப்பட்டு, எல்லாத் துறைகளுக்கும் உரியதாகி, 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. நோய் பரவிய காலத்தில்தான் அத்திருத்தத்தின் அருமை பலருக்கு விளங்கிற்று. வாட்சன் காலத்தில் வடிகால் எவ்வாறோ, இக்காலத்தில் காற்றோட்டமான அறையும் நெருக்கமில்லாத படுக்கையும் அவ்வாறே.

இன்றைய நிலையும் நாளைய தேவையும்

கோவிட் நோயை அனைத்துலக அவசரநிலையாகக் கருதிவந்த உலகச் சுகாதார நிறுவனம், 2023 மே 5-ஆம் தேதி அந்நிலை முடிந்ததாக அறிவித்தது. தடுப்பூசியாலும், முன்னர் வந்த தொற்றாலும் மக்கள் உடலில் எதிர்ப்பாற்றல் பெருகியதால், வேலையிடங்களில் கட்டாயச் சோதனை பல நாடுகளிலும் கைவிடப்பட்டது. ஆனால், கிருமி உலகைவிட்டு நீங்கிவிடவில்லை. மூத்தோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்வோர், நோய்க்குறி தோன்றியவுடன் தம்மைச் சோதித்துக்கொள்ளுதல் இன்றும் நல்ல பழக்கமே. அதைவிட முதன்மையானது, நாளை வேறொரு கிருமி தோன்றினால், இப்போது கற்றவற்றை மறவாமல் இருத்தல்.

கற்றவை எவை? விரைவுச் சோதனை, கிருமி மிகுந்தவரை விரைந்து காட்டும், எல்லோரையும் காட்டாது. இரு கோடுகள் கண்டால் ஒதுங்கி நின்று உறுதி செய்துகொள்க. ஒரு கோடு கண்டால், அது அந்நேரத்துக்கு மட்டுமே உரிய செய்தி என்று அறிக. அது பல நாளுக்குச் செல்லும் நுழைவுச் சீட்டன்று. ஒருமுறை செய்து ஓய்வதைவிட, முறையாகப் பலமுறை செய்க. முகக்கவசத்தையும் காற்றோட்டத்தையும் தடுப்பூசியையும் சோதனைக்கு ஈடாக விட்டுவிடாதிருக்க.

மருத்துவத்தைப் பற்றிக் கூறவந்த வள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், அருகிருந்து துணைசெய்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்தார். தொழிற்கூடத்தில் அந்த நான்காமவர் யார்? கூலியை நிறுத்தாத முதலாளி. பெயரைத் தூற்றாத உடன் உழைப்பவர். கதவருகே சோறும் நீரும் வைத்துச் செல்லும் அறைத் தோழர். இவர்கள் இருக்கும் இடத்தில் இரு கோடுகள் கண்டவர் உண்மையை மறைக்க வேண்டிய தேவை எழாது. உண்மை மறையாத இடத்தில்தான், 15 நிமிடச் சோதனை தன் வேலையைச் செய்ய முடியும்.